செப்டம்பர் பதினான்கு, சனிக்கிழமை

ஏழு இருபத்துநான்குக்கு வரவேண்டிய பேருந்து வரவில்லை.

மெங்கியா மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு முப்பத்தைந்து. சூர்பாஸ் கிராமத்து நிறுத்தத்தில் அவளையும் அவளுடைய உதவியாளன் லினார்ட்டையும் தவிர ஆள் இல்லை. எதிரே தேவாலயக் கோபுரத்தின் மேல்பாதியை மூடுபனி தின்றிருந்தது. எங்கோ மாட்டு மணி ஒன்று கேட்டது. மாடு தெரியவில்லை.

"இந்த ஊர்ல பஸ் பதினோரு நிமிஷம் லேட்டா?" என்றாள்.

லினார்ட் வால்நட் பணியாரத்தின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"லேட் இல்ல, மெங்கியா. அப்படி ஒரு பஸ்ஸே கிடையாது."

"என்ன?"

"ஏழு இருபத்திநாலை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆச்சு. கடைசி நாள் அதை ஓட்டினதே அடியேன்தான். பூமாலை எல்லாம் போட்டாங்க. எனக்கில்ல, பஸ்ஸுக்கு. இப்ப இருக்கறது ஏழு நாப்பத்தொண்ணு."

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா சரின்னு தலையாட்டியிருப்பீங்க. இப்ப கால் விரல் மரத்துப் போச்சு பாருங்க, இனி மறக்க மாட்டீங்க."

இருபது வருடம் காவல்துறையில் இருந்துவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவள் மெங்கியா. பன்னிரண்டு வருடம் பேருந்து ஓட்டிவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தவன் லினார்ட். அவன் உளறுவதில் பத்துக்கு ஒன்பது குப்பை. அந்தப் பத்தாவதுக்காகத்தான் சம்பளம்.

உள்பையிலிருந்து அந்தக் கட்டம்போட்ட தாளை எடுத்தாள். மூன்று நாளில் இருபது தடவை படித்தாகிவிட்டது.

*செப். 14, சனி. 2 பேர்.*
*7.24 பஸ். 8.05 மேலூர், நடை.*
*9.10 முதல் அருவி.*
*10.20 பேச்சு அருவி. காபி.*
*11.30 மூன்றாம் அருவி.*
*12.15 ஏரி. ரொட்டி, சீஸ். தண்ணீரில் கால் வைக்க ஐந்து நிமிடம் அனுமதி.*
*15.50 திரும்பும் பஸ்.*

எழுதியவர் பெயர் தூமாஷ். மலை ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பர் பதினான்கு, சனிக்கிழமை, இதே வழியில் ஏரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. ஏரிக்கரையில் அவருடைய முதுகுப்பை மட்டும் கிடைத்தது. ஏரியில் ஒரு வாரம் மூழ்கித் தேடினார்கள். கருந்தண்ணீர், ஆழம் தெரியாத தண்ணீர். உடல் கிடைக்கவில்லை.

போன வாரம் அவருடைய மனைவி பிரீடாவுக்கு இந்தத் தாள் தபாலில் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. வேறு ஒரு வரியும் இல்லை. இந்த வருடமும் பதினான்காம் தேதி சனிக்கிழமையில் விழுகிறது.

கூர் நகரத்து அலுவலகத்தில், மெங்கியாவின் எதிரே உட்கார்ந்து அந்த அம்மாள் கோட்டின் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார்.

"அவரு எழுத்துதான். முப்பது வருஷம் பாத்த எழுத்து. ஏழுக்கு நடுவுல கோடு போட மாட்டாரு, கொக்கி போடுவாரு. எந்த நடைக்குப் போனாலும் முதல் நாள் ராத்திரியே இப்படி ஒண்ணு எழுதி சமையலறைக் கதவுல மாட்டிடுவாரு. எனக்கு முட்டி சரியில்ல, கூடப் போனதில்ல. கடிகாரத்தையும் கதவையும் பாத்தா ஆள் எங்க இருக்காருன்னு தெரியும்."

"காணாமப் போன அன்னிக்கு?"

பிரீடா பொத்தானை இன்னும் இறுக்கித் திருகினார்.

"அன்னிக்கு மட்டும் மாட்டல. வெறும் கதவு. முப்பது வருஷத்துல அந்த ஒரு நாள்தான்." பொத்தான் கையோடு வந்துவிட்டது. "திரும்பி வரணும்னு நினைக்கறவன்தானே எழுதி வைப்பான்? நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஏரிக்குப் போனதே அதுக்காகத்தான்னு எனக்குத் தெரியும். என்கூட வாழப் பிடிக்காமத்தான்..."

மெங்கியா காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

"இப்ப ரெண்டு பேர்னு எழுதி அனுப்பியிருக்காரு. என்னையும் கூப்பிடறாரு. நான் போகத்தான் போறேன். முட்டி போனாலும் போகட்டும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க. அங்க யார் நிக்கறாங்கன்னு எனக்குச் சொல்லுங்க."

போகும்போது, பையில் கிடைத்த பொருட்களையும் கொடுத்துவிட்டுப் போனார். பிளாஸ்க், கத்தி, தூமாஷ் வேலையில் இருந்தபோது பயணச்சீட்டில் துளை போட்ட இரும்புக் கிடுக்கி. "இதை ஏன் மலைக்கெல்லாம் தூக்கிட்டுப் போனாருன்னு தெரியல. ராசின்னு நினைச்சிருப்பாரு" என்றார். "சிவப்பு மேல்சட்டை மட்டும் கிடைக்கல. அது அவர்மேலதான் இருக்கும்."

அது செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன், பன்னிரண்டாம் தேதி.

மஞ்சள் பேருந்து மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஏழு நாற்பத்தொன்றுக்குச் சரியாக வந்து நின்றது.

"லினார்ட்," என்றாள் மெங்கியா, ஏறிக்கொண்டே. "பேய் ஒண்ணு இப்ப உட்கார்ந்து எழுதியிருந்தா எந்த பஸ்ஸைப் போட்டிருக்கும்?"

"பேயா இருந்தாலும் டைம்டேபிள் பாத்துத்தான் போடும். நம்ம ஊர்ப் பேய்."

"அப்ப இது புதுசா எழுதினது இல்ல. அதே தாள். பதினோரு வருஷம் முன்னாடி அவர் கையில இருந்த அதே தாள். பையில இல்ல, கதவுல இல்ல. இத்தனை வருஷம் யார்கிட்டயோ இருந்திருக்கு."

லினார்ட் வாயைத் திறந்தான். அதற்குள் ஓட்டுநர் பெண் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தாள்.

"நீங்களும் சிவப்புச் சட்டையப் பாக்கத்தான் போறீங்களா?"

"எந்தச் சிவப்புச் சட்டை?" என்றாள் மெங்கியா.

"ஆகஸ்ட்ல ரெண்டு ஜெர்மன்காரங்க பாத்தாங்க. அதுக்கு முன்னாடி எங்க சித்தப்பா. காலையில, பனி மூடியிருக்கறப்ப, சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தர் பேச்சு அருவிக்குள்ள நேரா நடந்து போறாராம். வெளிய வரல." வளைவில் ஒலிப்பானை அழுத்தினாள். "செத்தவங்க ஓடையோரமா வரிசையா நடப்பாங்கன்னு எங்க பக்கம் சொல்றதுதான். வரிசையில கடைசியா நடக்கறவன் உயிரோட இருக்கறவனாம். அடுத்து அவன் முறை."

"அப்ப நான் முன்னாடியே நடக்கறேன்," என்றான் லினார்ட்.

ஓட்டுநர் சிரிக்கவில்லை.

மேலூரில் இறங்கியதும் கைப்பேசியில் சிக்னல் செத்தது. பேருந்தில் போன பதினேழு நிமிடத்தை ஈடுகட்ட, தாளில் போட்டிருந்ததைவிட வேகமாக நடந்தார்கள். ஊசியிலை மரங்கள் பனியில் சொட்டிக்கொண்டிருந்தன. முன்னால் பத்தடி தெரிந்தது, பின்னால் அதுவும் இல்லை. லினார்ட் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தான். யாருக்குக் கேட்பதற்காக என்று மெங்கியா கேட்கவில்லை.

முதல் அருவி ஒல்லியானது, வெள்ளை நூல்போல. அதன் முன் இருந்த பலகையில் உட்கார்ந்து மெங்கியா தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். இடது ஓரத்தில் இரண்டு சிறு துளைகள் வழியே பனி தெரிந்தது.

"கோப்புல மாட்டின துளை," என்றான் லினார்ட். "ஆபீஸ்லயே பாத்தேன். யாரோ ஒழுங்கா ஃபைல் பண்ணி வெச்சிருக்காங்க. கொலைகாரனா இருந்தாலும் சுத்தமான ஆளு."

"கோப்புத் துளைன்னா தாளோட நடுவுல, சம தூரத்துல இருக்கணும். இது ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கு. நடுவுலயும் இல்ல. உருண்டையாவும் இல்ல."

"எலி?"

"மூணு இதழ் வெச்சுக் கடிக்கற எலியா?"

அவன் குனிந்து பார்த்தான். துளைகள் புளியாரை இலைபோல மூன்று இதழோடு இருந்தன. ஒன்று '9.10' என்ற வரிக்கு நேராக. இன்னொன்று '10.20'க்கு நேராக. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

மெங்கியா தாளை மடித்து உள்ளே வைத்தாள். அவள் முகம் மாறியிருந்தது. "நட. பத்து இருபதுக்கு நாம அங்க இருக்கணும்."

பேச்சு அருவி கண்ணுக்குத் தெரிவதற்குக் கால் மணி நேரம் முன்பே காதில் விழுந்தது. தண்ணீர் விழும் ஓசை இல்லை அது. பக்கத்து அறையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசுவதுபோல ஒரு முணுமுணுப்பு. நடுவே நின்று, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி தொடர்வதுபோல.

"என் மாமனார் வீடு மாதிரியே இருக்கு," என்றான் லினார்ட். "உள்ள என்னைப் பத்தித்தான் பேசிட்டிருப்பாங்க."

அடுத்த வளைவில் அவன் பேச்சு நின்றது.

அங்கே பனி கொஞ்சம் விலகியிருந்தது. நாற்பதடி முன்னால், பாறைகளுக்கு நடுவே, சிவப்பு மேல்சட்டை ஒன்று போய்க்கொண்டிருந்தது. சட்டையோடு சேர்ந்த தொப்பி தலையை மூடியிருந்தது. அவசரமில்லாத நடை, வழி பழகிய நடை. அருவியின் வெள்ளைத் திரை வரை போயிற்று. நிற்கவில்லை. தண்ணீருக்குள் நுழைந்தது. சிவப்பு இளஞ்சிவப்பாகி, சாம்பலாகி, இல்லாமல் போயிற்று.

மெங்கியா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது.

"நீங்க பாத்தீங்கள்ல?" லினார்ட்டின் குரல் ஒரு கட்டை இறங்கியிருந்தது. "பாக்கலன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"பாத்தேன்."

அவர்கள் அருவியின் அடிக்கு வந்தபோது அங்கே ஆள் இல்லை. சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. தண்ணீர் விழும் இடத்தில் பாறை குடைந்து ஒரு கருங்குழி. அதன் விளிம்பில் நின்றால், அந்த முணுமுணுப்பு காலடியிலிருந்து வந்தது. குழிக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைத் தவறாக உச்சரித்துக் கூப்பிடுவதுபோல மெங்கியாவுக்குத் தோன்றியது. ஒரு அடி பின்வாங்கினாள்.

"இங்க பாருங்க," என்றான் லினார்ட்.

திரைக்குப் பக்கத்தில், சாரல் படாத ஒரு பாறை மடிப்பில், எனாமல் கோப்பை ஒன்று இருந்தது. நிறைய காபி. ஆவி பறந்துகொண்டிருந்தது.

லினார்ட் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்துக்கு நிறம் திரும்பியது.

"பேய்க்குக் கால் இருக்கோ இல்லையோ, மெங்கியா, அடுப்பு இருக்கு."

தண்ணீர்த் திரைக்குப் பின்னால், ஒரு ஆள் சுவரோடு ஒட்டிப் போகும் அளவுக்குப் பாறை விளிம்பு ஓடியது. அதில் புதிய ஈரத் தடங்கள். அந்தப் பக்கம் விளிம்பு முடியும் இடத்தில் மரக் கூரை ஒன்று தெரிந்தது. நடைக்காரர்களுக்கு உணவு விற்கும் மலைக்குடில். சாதாரணப் பாதை அதைச் சுற்றிக்கொண்டு போகும்.

அவர்கள் சாதாரணப் பாதையிலேயே போனார்கள்.

குடிலை நடத்துபவர் பெயர் ஜாகென் என்று வாசல் பலகை சொன்னது. அறுபது கடந்தவர், உயரமாக, ஒல்லியாக, முழங்கை வரை சட்டை நனைந்து நின்றார். அவர்களைக் கண்டதும் வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை.

"இன்னிக்கு சூப்பு போடல. ரொட்டியும் சீஸும் இருக்கு."

உள்ளே நாற்காலிகள் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜன்னல்களில் பாதிக்கு மரக்கதவு அடித்தாயிற்று. சாவிகள் ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி வரிசையாக மாட்டியிருந்தன: கிடங்கு, விறகறை, எரிவாயு. கணப்படுப்பின் பின்னால் சிவப்பு மேல்சட்டை ஒன்று தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

லினார்ட் ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தான். "அக்டோபர் கடைசி வரைக்கும் திறந்திருக்கும்னு கீழ பலகையில போட்டிருக்கே, ஐயா. நாங்க வரப்போறோம்னு மூடறீங்களா?"

"உடம்பு சரியில்ல. இந்த வருஷம் சீக்கிரம் மூடறேன்."

"எப்ப?" என்றாள் மெங்கியா.

"சனிக்கிழமை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ரொட்டி வந்தது. தொடவில்லை.

"தூமாஷ் உங்களுக்கு சினேகிதர்தானே?"

ரொட்டிக் கத்தி ஒரு நொடி நின்றது. "எல்லாருக்கும் சினேகிதன்."

"நடைக்குப் போறப்ப ஒரு பழக்கம் வெச்சிருப்பாராமே?" மெங்கியா பையிலிருந்து இரும்புக் கிடுக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அதைப் பார்த்ததும் ஜாகென் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தது பெஞ்சா தரையா என்று பார்க்காமல் உட்கார்ந்தார். நல்லவேளையாகப் பெஞ்சு.

மெங்கியா குடிலின் விலைப்பட்டியல் ஒன்றை எடுத்து அதன் ஓரத்தை அழுத்தினாள். 'டக்'. மூன்று இதழ்த் துளை. பிறகு அந்தக் கட்டத்தாளைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள். அதே மூன்று இதழ்.

"ஒவ்வொரு இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததும் தாள்ல ஒரு துளை. டிக்கெட் பரிசோதகராச்சே. தன் டிக்கெட்டைத் தானே பரிசோதிச்சுக்கிட்டார். முதல் அருவி, ஒண்ணு. பேச்சு அருவி, ரெண்டு. மூணாவது அருவிக்கு இல்ல. ஏரிக்கும் இல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "இந்த மனுஷன் ஏரிக்குப் போகவே இல்ல, ஜாகென். அவரோட பைதான் போச்சு. பைக்குக் கால் கிடையாது. யாரோ தூக்கிட்டுப் போனாங்க. அந்த யாரோகிட்ட அவரோட மேல்சட்டையும் இருந்தது. சட்டைப் பையில இந்தத் தாள் இருந்தது."

லினார்ட் கணப்படுப்பின் பின்னால் தொங்கிய சிவப்பைப் பார்த்தான்.

அருவியின் முணுமுணுப்பு மரச்சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது.

"எனக்குக் குளிருச்சு," என்றார் ஜாகென் கடைசியில். "அவன் கழட்டிக் கொடுத்தான். அவனுக்கு எப்பவும் உடம்பு சூடு."

பிறகு நிற்காமல் சொன்னார்.

அன்று அவருக்கு மரஅறுவை ஆலையில் சனிக்கிழமை வேலை. காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுப்பு எடுத்திருந்தார். ஆலை அலுவலகத்தில் அந்த விடுப்பை எழுதிக்கொண்டவர் பிரீடா. அதனால், வீட்டில் உண்மையைச் சொல்லிவிடாதே என்று ஜாகென் தூமாஷிடம் கேட்டுக்கொண்டார். சரி, நான் தனியாகப் போவதாகச் சொல்லிவிடுகிறேன் என்று தூமாஷ் சிரித்தார். பத்து இருபதுக்குப் பேச்சு அருவி. காபி குடித்தார்கள். காற்று ஜாகெனின் தொப்பியை அடித்துக்கொண்டு போய்க் குழிக்கு மேலே ஒரு பாறையில் போட்டது. ஆலைத் தொப்பி. உள்ளே பெயர் தைத்தது.

"விட்டுடுன்னேன். 'நீ இரு, இந்தப் பாறை எனக்குப் பழக்கம்'னான். தொப்பியை எடுத்துட்டான். எடுத்துத் தூக்கிக் காட்டினான். அப்பறம் கால்..." கைகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டார். "உள்ள இருந்து கூப்பிட்டான். என் பேரைச் சொல்லி. மூணு தடவை. நான் வயித்தோட படுத்துக் கையை விட்டேன். எட்டல. கீழ ஓடணும்னு தெரியும். ரெண்டு மணி நேரம் ஆகும்னும் தெரியும். விட்டுட்டுப் போனா அவன் தனியா இருப்பானேன்னு... அங்கயே இருந்தேன். மூணுக்கு மேல கூப்பிடல. தண்ணி மட்டும்தான் பேசுச்சு."

"பை?"

"அவனைத் தேடினா தொப்பி கிடைக்கும். தொப்பியில என் பேரு. காய்ச்சல்னு படுத்திருக்கறவன் தொப்பி அங்க எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அப்ப என் மூளையில அது ஒண்ணுதான் ஓடுச்சு. வேலை போயிடும்னு. நம்புவீங்களா? ஒரு மனுஷன் உள்ள கிடக்கறான், நான் வேலையப் பத்தி நினைச்சேன். பையைக் கொண்டுபோய் ஏரிக்கரையில வெச்சேன். மறுநாள் சொல்லிடலாம்னு நினைச்சேன். மறுநாள் இருபது பேரு ஏரியில மூழ்கிட்டிருந்தாங்க."

அடுத்த கோடையில் ஆலையை விட்டுவிட்டு இந்தக் குடிலை எடுத்துக்கொண்டார். இங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் பத்து இருபதுக்கு ஒரு கோப்பை காபி. பனிநாளில் தூமாஷின் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார், அவனுக்கு அடையாளம் தெரியட்டும் என்று.

"சொல்ல வாய் வரல. இந்தத் தாளை அனுப்பினா அவளே புரிஞ்சுக்குவா, வந்து பாப்பான்னு நினைச்சேன்."

"வந்து பாக்கறப்ப நீங்க இருக்க மாட்டீங்க," என்றாள் மெங்கியா.

ஜாகென் நிமிர்ந்தார்.

அவள் எழுந்துபோய்ச் சுவர்க்கடிகாரத்தின் பின்னால் செருகியிருந்த உறையை எடுத்தாள். மேலே 'பிரீடாவுக்கு' என்று இருந்தது. ஒட்டப்பட்டிருந்தது. அவள் பிரிக்கவில்லை.

"சாவிக்கெல்லாம் சீட்டு. சூப்புக் கொப்பரை கழுவிக் கவுத்தாச்சு. கடிதம் தயார். சனிக்கிழமைன்னு நாள் குறிச்சாச்சு. மலையை விட்டு இறங்கறவன் ஒரு மூட்டையாவது கட்டுவான். இங்க ஒரு மூட்டைகூட இல்ல."

மறுப்புச் சொல்ல அவர் முயலவில்லை. "பதினோரு வருஷமா கூப்பிடறான்," என்றார் மெதுவாக. "நீங்களும் கேட்டிருப்பீங்க. இந்த வருஷம் கிழமையும் சரியா வருது. ரெண்டு பேர்னு எழுதியிருக்கான். ஒருத்தன்தான் போயிருக்கான்."

லினார்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் கோபப்பட்டு மெங்கியா பார்த்ததில்லை.

"அந்த அம்மா அதை எப்படிப் படிச்சாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"விடு, நான் சொல்றேன்." மெங்கியா ஜாகெனின் எதிரே குந்தி உட்கார்ந்தாள், முகத்துக்கு நேராக. "அன்னிக்கு சமையலறைக் கதவுல இந்தத் தாள் இல்ல. முப்பது வருஷத்துல அந்த ஒரு நாள். அதனால அவங்க என்ன நினைச்சாங்க தெரியுமா? தன்னோட வாழப் பிடிக்காம, சாகறதுக்குன்னே அவர் ஏரிக்குப் போனார்னு. பதினோரு வருஷமா அதைத்தான் சுமக்கறாங்க. யார்கிட்டயும் சொல்லாம."

ஜாகென் மேசைமேல் கிடந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏன் மாட்டலன்னு இப்ப எனக்குத் தெரியும். ரெண்டு பேர்னு எழுதியிருந்தது. மாட்டினா உங்க பொய் வெளிய வந்துடும். உங்களுக்காகத்தான் மாட்டல. அது மட்டும்தான் காரணம். இதை நான் போய்ச் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க. கடிதத்துல படிச்சா, திருப்பி ஒரு கேள்வி கேக்க ஆள் இருக்காது."

"அவளா... அப்படியா நினைச்சா?" அவர் எழுந்தார். "சாகறதுக்கா? அவன் அன்னிக்குப் பஸ்ல ஏறினதுலேர்ந்து அவளுக்கு என்ன வாங்கிட்டுப் போறதுன்னுதான் பேசிட்டிருந்தான். மேலூர்ல ஒரு வீட்டுல தேன் விப்பாங்க. திரும்பறப்ப ரெண்டு போத்தல் எடுத்து வைங்கன்னு சொல்லிட்டு வந்தான்."

சுவரில் பழைய தொலைபேசி ஒன்று மாட்டியிருந்தது. இந்த மலையில் வெளியுலகத்துக்கு அது ஒன்றுதான் வழி. மெங்கியா எண்களைச் சுழற்றினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"பிரீடா, நான் மெங்கியா. அங்க யார் நிக்கறாங்கன்னு கேட்டீங்கள்ல? கொடுக்கறேன்."

ஜாகென் வாங்கிக்கொண்டார். பிறகு, தொப்பியிலிருந்து தொடங்காமல், தேனிலிருந்து தொடங்கினார். அங்கிருந்து கதவுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் பாறைக்கு; கடைசியாக, சனிக்கிழமை என்ன செய்வதாக இருந்தார் என்பதற்கு.

மறுமுனையிலிருந்து பிரீடாவின் குரல் கேட்டது. அருவி ஓசையைத் தாண்டி, அறை முழுக்கக் கேட்கும்படி.

"மன்னிக்கறதப் பத்தி இப்ப நான் பேசல, ஜாகென். அது என்னால ஆகுமோ ஆகாதோ தெரியாது."

"தெரியும்."

"ஆனா நீ செத்துட்டா நான் யார்கிட்டடா கேப்பேன்? அவரோட கடைசி நாள் உன்கிட்ட இருக்கு. என்கிட்ட ஒண்ணுமே இல்ல. பஸ்ல எந்தப் பக்கம் உட்கார்ந்தாரு, என்ன சொல்லிச் சிரிச்சாரு, காபிக்கு சர்க்கரை போட்டாரா, எனக்கு எல்லாம் வேணும். எடுத்துட்டு ஓடிடலாம்னு பாத்தியா?" குரல் உடைந்து, மறுபடி நிமிர்ந்தது. "சனிக்கிழமை வரேன். மீட்புக் குழுவையும் கூட்டிட்டு வரேன். அது வரைக்கும் அந்த ஆளுங்க ரெண்டு பேரும் உன்னை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லு. இப்ப சொல்லு. காலையில அவர் நிறுத்தத்துக்கு வந்தப்ப நீ ஏற்கெனவே அங்க இருந்தியா?"

ஜாகென் சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்ல," என்றார். "அவன்தான் முதல்ல வந்திருந்தான். என்னைப் பாத்ததும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்..."

லினார்ட் கவிழ்த்திருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் இறக்கி வைக்கத் தொடங்கினான்.

காவல் நிலையத்துக்கும் அந்த ஒரே தொலைபேசியில்தான் பேச வேண்டும். மெங்கியா வாசற்படியில் போய் உட்கார்ந்து காத்திருந்தாள். மூடுபனி விலகி எதிர்மலையில் வெயில் விழுந்தது. உள்ளே அந்தக் குரல் நின்று, கேள்விக்குக் காது கொடுத்து, மறுபடி தொடர்ந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை.